ஏழு தோல்விகளும் ஒரு வழக்கும்

ஜார்ஜியா மாநிலத்தின் காலின்ஸ் ஹில் உயர்நிலைப் பள்ளியில் மாயா மூர் நான்கு வருடம் கூடைப்பந்து ஆடினார். அந்த நான்கு வருடங்களில் பள்ளி அணி 125 ஆட்டங்களில் ஜெயித்தது, மூன்றில் தோற்றது. அடுத்து கனெக்டிகட் பல்கலைக்கழகம். அங்கேயும் நான்கு வருடம், 150 வெற்றி, நான்கு தோல்வி. பதினான்கு வயதில் தொடங்கி இருபத்தொரு வயது வரைக்கும் அவர் ஆடிய பள்ளி, கல்லூரி அணிகள் தோற்றது மொத்தமே ஏழு தடவைதான்.

தொழில்முறை ஆட்டக்காரராக ஆன பிறகும் கணக்கு பெரிதாக மாறவில்லை. எட்டு வருடம் ஆடினார். அதில் ஆறு வருடம் அவருடைய அணி இறுதித் தொடருக்குப் போனது, நான்கு கோப்பைகளை வென்றது. லண்டன், ரியோ இரண்டு ஒலிம்பிக்கிலும் அமெரிக்க அணியோடு தங்கம். அதன் பிறகு, 2019 பிப்ரவரியில், அந்த வருடம் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. பெரிய காயம் எதுவும் இல்லை. ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரரின் உடலும் அறிவும் ஒன்றாகப் பழுத்து நிற்கும் வயது அது. அதற்குப் பிறகு அவர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடவில்லை.

ஏன் போனார் என்பது சில மாதங்களில் ஊருக்கெல்லாம் தெரிந்தது. செய்யாத குற்றத்துக்காக ஐம்பது வருடத் தண்டனை பெற்றவர் என்று அவர் நம்பிய ஒருவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவர முழுமூச்சாக இறங்கியிருந்தார். அந்த முடிவைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்னால் அவர் ஆடிய ஆட்டத்தையும், பெண்களின் தொழில்முறைக் கூடைப்பந்து எப்படி நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மூர் பிறந்தது 1989 ஜூன் 11 அன்று, மிசௌரி மாநிலத்தின் தலைநகரான ஜெபர்சன் சிட்டியில். அந்த ஊரின் பெயர் இந்தக் கதையில் மறுபடியும் வரும். தந்தை கல்லூரி அளவில் பெயர் வாங்கிய கூடைப்பந்து வீரர். ஆனால் மாயாவை வளர்த்தது தாய் கேத்ரின் தனியாகத்தான். வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருந்த மூன்று வயதுக் குழந்தைக்குப் போக்குக் காட்ட, கதவில் ஒரு சின்ன வளையத்தை மாட்டிவிட்டார். ஆட்டம் அங்கே தொடங்கியது. பிறகு தாயும் மகளும் ஜார்ஜியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். காலின்ஸ் ஹில் பள்ளி மாயா இருந்த காலத்தில் மூன்று முறை மாநிலக் கோப்பையை வென்றது. நாட்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரருக்கான நைஸ்மித் விருது இரண்டு முறை அவருக்குக் கிடைத்தது.

ஆறடி உயரம். உயரமானவர்கள் வளையத்துக்கு அடியில் நின்று ஆடுவார்கள், குட்டையானவர்கள் வெளியே நின்று பந்தைக் கொண்டுவருவார்கள் என்ற பழைய பிரிவினை அவரிடம் எடுபடவில்லை. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவார். உள்ளே புகுந்து, வளையத்தில் பட்டுத் திரும்பும் ரீபவுண்டைப் பறிப்பார். எதிராளியின் பாஸ் எங்கே போகும் என்று முன்கூட்டியே கணித்து அதைத் தட்டிக்கொண்டு ஓடுவார். கையில் பந்து இல்லாத நேரத்தில் அவர் செய்தவற்றைத்தான் பயிற்சியாளர்கள் அதிகம் பேசுவார்கள். தன்னைக் காவல் காப்பவர் ஒரு நொடி கண்ணை அப்பால் எடுத்தால் போதும், வேறோர் இடத்தில் தனியாக நிற்பார். பந்து கைக்கு வருவதற்குள் கால்கள் ஷாட்டுக்குத் தயாராகிவிடும். கைக்கு வந்த பந்தை வெகுநேரம் வைத்திருக்கவும் மாட்டார்.

கனெக்டிகட்டில் அவருக்குப் பயிற்சி அளித்தவர் ஜீனோ ஆரியம்மா. அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அவரைவிட அதிகக் கோப்பைகள் வென்றவர் இல்லை. பாராட்டில் மிகவும் கஞ்சத்தனம் காட்டுபவர் என்றும் பெயர். அவரிடம் மூர் கற்ற வருடங்களில் 2009, 2010 இரண்டிலும் கனெக்டிகட் தேசியக் கோப்பையை வென்றது. இரண்டு பருவங்களிலும் ஒரு தோல்விகூட இல்லை, 39 ஆட்டம், 39 வெற்றி. இப்படித் தொடர்ந்து வந்த வெற்றி வரிசை 90 ஆட்டம் வரை நீண்டது. அதற்கு முன், ஆண்களையும் சேர்த்து, கல்லூரிக் கூடைப்பந்தின் மிக நீண்ட வெற்றி வரிசை கலிபோர்னியாவின் யூசிஎல்ஏ அணி எழுபதுகளில் எட்டிய 88. அதை முறியடித்த 2010 டிசம்பர் இரவில் புளோரிடா ஸ்டேட் அணிக்கு எதிராக மூர் மட்டும் 41 புள்ளி எடுத்தார். ஒன்பது நாள் கழித்து ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் அந்த வரிசையை முடித்துவைத்தது. கல்லூரியை விட்டுப் போகும்போது அவருடைய கணக்கில் 3,036 புள்ளிகள் இருந்தன.

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு உள்ள செல்வாக்கு நமக்குச் சற்று வியப்பாக இருக்கும். மாநிலம் முழுவதும் ஒரு பல்கலைக்கழக அணியைத் தன் அணியாகக் கொண்டாடும். தொலைக்காட்சி நேரலை, நிரம்பி வழியும் அரங்கு, தெருவில் போனால் அடையாளம் காணும் கடைக்காரர்கள். மூர் இருபது வயதில் அந்தப் புகழில் இருந்தார்.

2011 ஏப்ரலில் தொழில்முறை அணிகளின் தேர்வு நடந்தது. டிராஃப்ட் என்று அவர்கள் சொல்லும் இந்த முறையில் ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த அணியில் போய்ச் சேர முடியாது. அணிகள்தான் வரிசைப்படி ஆட்டக்காரர்களை எடுக்கும். முந்தைய பருவத்தில் தோற்றுத் துவண்ட அணிகளுக்கே முதலில் எடுக்கும் வாய்ப்பு. அந்த வருடம் முதல் வாய்ப்பு மின்னசோட்டா லிங்க்ஸ் அணிக்கு. மூரை எடுத்தார்கள்.

லிங்க்ஸ் 1999இல் தொடங்கிய அணி. பன்னிரண்டு பருவங்களில் இரண்டே முறை நாக்அவுட் சுற்றுக்குப் போயிருந்தது, இரண்டு முறையும் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2010இல் 13 வெற்றி, 21 தோல்வி. ஆனால் அணி வெறுமையாக இல்லை. அதே மின்னசோட்டா மண்ணில் வளர்ந்த லிண்ட்சே வேலன் பந்தை நடத்திக்கொண்டு வருவார். சைமோன் அகஸ்டஸின் நடுத்தூர ஷாட் தவறுவது அபூர்வம். ரெபெக்கா புருன்சன் ரீபவுண்டுக்கென்றே பிறந்தவர். பயிற்சியாளர் செரில் ரீவ். மூர் வந்து சேர்ந்த முதல் பருவத்தில் லிங்க்ஸ் 27 ஆட்டங்களை வென்று, ஏழில் மட்டும் தோற்று, இறுதித் தொடரில் அட்லாண்டா ட்ரீம் அணியை மூன்றுக்குப் பூஜ்யம் என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. மூருக்குச் சிறந்த புதுமுகம் விருது. மைக்கேல் ஜோர்டானின் பெயரில் இயங்கும் ஜோர்டான் நிறுவனம் அந்த வருடம் அவரோடு ஒப்பந்தம் போட்டது. ஒரு கூடைப்பந்து வீராங்கனையோடு அந்த நிறுவனம் செய்த முதல் ஒப்பந்தம் அதுதான். மூரின் சட்டை எண்ணும் ஜோர்டானுடையதைப் போல 23.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

டபிள்யூஎன்பிஏ என்ற பெண்கள் தொழில்முறை லீக் 1997இல் ஆடத் தொடங்கியது. ஆண்களின் என்பிஏ குளிர்காலத்தில் நடப்பதால், அரங்குகள் காலியாக இருக்கும் கோடையில் இதை வைத்தார்கள். பருவம் ஏறத்தாழ நான்கு, ஐந்து மாதம். டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஆட்டக்காரருக்கு மூர் வந்த காலத்தில் வருடச் சம்பளம் ஐம்பதாயிரம் டாலரைத் தொடவில்லை. எட்டு வருடம் ஆடி எல்லா விருதும் வாங்கிய பிறகும், 2018இல் லீக் அனுமதித்த உச்சச் சம்பளம் ஏறக்குறைய 1,15,000 டாலர்தான். அதே காலத்தில் என்பிஏவின் பெரிய நட்சத்திரங்கள் வருடத்துக்கு மூன்று கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் அமெரிக்க வீராங்கனைகள் கோடை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் ஸ்பெயினுக்கும் சீனாவுக்கும் போனார்கள். உண்மையான வருமானம் அங்கேதான் இருந்தது. டயானா டௌராசி என்ற மற்றொரு பெரிய ஆட்டக்காரருக்கு ரஷ்யாவின் எகாடெரின்பர்க் அணி 2015 கோடையில் பணம் கொடுத்தது, அமெரிக்காவில் ஆடாமல் ஓய்வெடுப்பதற்காக. லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் சொந்த நாட்டின் லீக்கில் ஆடாமல் இருந்தால் அதிகம் சம்பாதிக்கலாம் என்ற நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இல்லை.

மூரின் நாட்காட்டியைப் பாருங்கள். 2011 ஏப்ரலில் கல்லூரியின் கடைசி ஆட்டம். கோடையில் லிங்க்ஸ், அக்டோபரில் கோப்பை. உடனே ஸ்பெயினின் வலென்சியாவில் ரோஸ் காசாரெஸ் அணி, 2012 வசந்தத்தில் ஐரோப்பிய லீக் பட்டம். மே மாதம் மறுபடி மின்னசோட்டா. ஆகஸ்டில் லண்டன் ஒலிம்பிக், தங்கம். அக்டோபரில் இன்னோர் இறுதித் தொடர், இந்தியானா ஃபீவரிடம் தோல்வி. குளிர்காலத்தில் சீனாவின் ஷான்சி அணி. அங்கே மூன்று பருவங்கள், மூன்று பட்டங்கள். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். ஓர் உடல் ஓய்வு என்ற ஒன்றையே அறியாமல் நாடு விட்டு நாடு ஓடிக்கொண்டிருந்தது. 2019இல் அவர் விலகியதைப் பற்றி எழுதியவர்களில் பலர் நீதிப் போராட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு இந்தக் களைப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூரே அதை மறைக்கவில்லை. குடும்பத்தோடும் இறைநம்பிக்கைக்கு உரிய பணிகளோடும் நேரம் செலவிட வேண்டும் என்பதைத்தான் முதல் அறிவிப்பில் எழுதினார்.

மற்றொரு வலியும் இருந்தது. 2015இல் வீரர்கள் தாங்களே எழுதும் ‘ப்ளேயர்ஸ் ட்ரிப்யூன்’ தளத்தில் ஒரு கட்டுரை எழுதினார். கல்லூரியில் நாடே பார்க்கும் ஆட்டக்காரராக இருந்துவிட்டு, தொழில்முறைக்கு வந்ததும் கண்ணில் படாதவராகிவிடும் நிலையைப் பற்றியது அது. ஆட்டம் முன்னைவிட மேலானது, எதிராளிகள் உலகின் மிகச் சிறந்தவர்கள், ஆனால் தொலைக்காட்சியும் விளம்பரமும் பின்வாங்கிவிடுகின்றன என்பது அவருடைய முறையீடு. அதை எழுதும்போது கையில் இரண்டு கோப்பை, 2013 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது, 2014ஆம் வருடத்தின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது எல்லாம் இருந்தன. 2014இல் ஆட்டத்துக்குச் சராசரி 23.9 புள்ளி எடுத்து லீக்கிலேயே முதலிடம். அப்படிப்பட்டவரை நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை என்றால் அது அவருடைய குறை ஆகாது.

ஒரு ஷாட்டைப் பற்றிச் சொல்லாமல் அவருடைய ஆட்டத்தைச் சொன்னதாகாது. 2015 இறுதித் தொடர், எதிரில் இந்தியானா ஃபீவர். தொடர் ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது ஆட்டம் இந்தியானாபொலிஸில், எதிரணியின் ஊரில். 77-77 என்று சமநிலை, மீதி 1.7 நொடி. பக்கக் கோட்டிலிருந்து பந்து மூரின் கைக்கு வருகிறது. அந்த நேரத்தில் கிட்டத்தட்ட எவரும் உடனே எறிந்துவிடுவார்கள். அவர் எறிவது போல் தோளை உயர்த்தினார். காவல் காத்தவர் குதித்து விலகிப் போனார். ஒரு முறை பந்தைத் தரையில் தட்டி, அடி எடுத்து வைத்து, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். மணி ஒலிக்கும்போது பந்து வலைக்குள் போனது. 80-77. இரண்டு நொடிகூட இல்லாத அவகாசத்தில் பாசாங்கு செய்ய அவருக்கு நேரம் இருந்தது என்பதுதான் இன்று பார்த்தாலும் மலைக்க வைக்கிறது. ஐந்தாவது ஆட்டத்தில் லிங்க்ஸ் கோப்பையை வென்றது.

2016 ஜூலை 6 அன்று மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகருக்குப் பக்கத்தில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞரை ஒரு போலீஸ்காரர் காருக்குள்ளேயே சுட்டுக் கொன்றார். முந்தின நாள் லூசியானாவில் ஆல்டன் ஸ்டெர்லிங். அடுத்த நாள் டாலஸில் ஒருவன் சுட்டதில் ஐந்து போலீஸ்காரர்கள் இறந்தார்கள். மூன்று நாளில் இத்தனை சாவு. ஜூலை 9 அன்று, மூர் உட்பட லிங்க்ஸின் நான்கு கேப்டன்களும் ஆட்டத்துக்கு முன்னால் கறுப்பு டி-சட்டை போட்டுக்கொண்டு பத்திரிகையாளர்களைச் சந்தித்தார்கள். நீதியும் பொறுப்பேற்பும் வேண்டும் என்ற வாசகம் முன்புறம். பின்புறம் இறந்த இருவரின் பெயரும், டாலஸ் போலீஸின் சின்னமும். இரு தரப்பின் துக்கமும் ஒரே சட்டையில் இருந்தது. ஆனாலும் அரங்கில் பாதுகாப்புப் பணிக்கு வந்திருந்த போலீஸ்காரர்கள் நால்வர் எழுந்து போய்விட்டார்கள். தேசிய கீதத்தின்போது எழாமல் அமெரிக்கக் கால்பந்து வீரர் கோலின் கேப்பர்னிக் உலகச் செய்தியானது இதற்குச் சில வாரம் கழித்துத்தான். முதலில் நின்ற பெண்களின் பெயர் அந்த வரலாற்றில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. கண்ணில் படாமல் போவது பற்றி மூர் எழுதியது இங்கேயும் பொருந்துகிறது.

அந்தப் பத்திரிகையாளர் சந்திப்பில் பேசிய மூருக்கு, நீதி என்பது அந்த வாரத்தில் தோன்றிய கவலை இல்லை. அதற்கு ஒன்பது வருடம் முன்பே அது ஒரு மனிதரின் முகத்தோடு அவருக்கு அறிமுகமாகியிருந்தது.

1997 ஜனவரியில், செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டிய ஓஃபாலன் என்ற ஊரில், ஒரு வீட்டுக்குள் திருட்டு நடந்தது. வீடு திரும்பிய உரிமையாளரைத் திருடன் தலையில் சுட்டான். அவர் பலத்த காயத்தோடு பிழைத்தார். ஜோனதன் அயர்ன்ஸ் என்ற பதினாறு வயதுக் கறுப்பினச் சிறுவனைப் போலீஸ் பிடித்தது. சிறுவனாகக் கருதாமல் பெரியவர்களுக்குரிய நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நடுவர் குழுவில் அனைவரும் வெள்ளையர்கள். அவனைக் குற்றத்தோடு பிணைக்கும் ரத்தக் கறை, கைரேகை, டிஎன்ஏ எதுவும் இல்லை. காயம்பட்டவர் அடையாளம் காட்டியது ஒரு சாட்சி. குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று ஓர் அதிகாரி சொன்னது இன்னொன்று. அந்த விசாரணை ஒலிப்பதிவு செய்யப்படவில்லை, ஒப்புக்கொள்ளவே இல்லை என்று அயர்ன்ஸ் தொடக்கத்திலிருந்தே மறுத்தார். ஐம்பது வருடச் சிறை.

அடைத்த இடம் ஜெபர்சன் சிட்டி, மூர் பிறந்த ஊர். அங்கே இருந்த மூரின் உறவினர்கள் சிறை ஊழியம் செய்து வந்தார்கள், அதாவது கைதிகளைப் போய்ப் பார்த்து, ஜெபித்து, பாடிவிட்டு வருவது. அங்கே பாடகர் குழுவில் அயர்ன்ஸைச் சந்தித்தார்கள். குடும்பத்தில் ஒருவர் வழக்கின் காகிதங்களை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படிக்கத் தொடங்கினார். 2007இல் கல்லூரிக்குக் கிளம்பும் முன், பதினெட்டு வயது மாயாவும் அவர்களோடு சிறைக்குப் போனார். அங்கிருந்து கடிதங்கள், தொலைபேசிப் பேச்சுகள், மேலும் சந்திப்புகள். கனெக்டிகட்டின் தொண்ணூறு வெற்றிகளும் லிங்க்ஸின் நான்கு கோப்பைகளும் நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும் இந்த இன்னோர் இழையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

காகிதங்களுக்குள் இருந்த ஒன்றுதான் கடைசியில் வழக்கைத் திருப்பியது. அந்த வீட்டின் கதவில் ஒரு கைரேகை கிடைத்திருந்தது. அது வீட்டுக்காரருடையதும் இல்லை, அயர்ன்ஸுடையதும் இல்லை. இதைச் சொல்லும் அறிக்கை 1998 வழக்கின்போது அயர்ன்ஸின் வழக்கறிஞர் கைக்குப் போகவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்று அரசுத் தரப்பிடம் இருந்தால் அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இலேயே பிராடி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த ஒரு காகிதத்துக்கு இவ்வளவு கனம் வந்தது அதனால்தான்.

பழைய வழக்கை மறுபடி திறப்பது பெரும் செலவு பிடிக்கும் வேலை. நல்ல வழக்கறிஞர் வேண்டும், புலனாய்வு செய்பவர்கள் வேண்டும், வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். இதையும்விடக் கடினம், எவரும் கேள்விப்படாத ஒரு கைதியின் மேல் ஊர்ப் பார்வையைத் திருப்புவது. மூர் பணமும் கொடுத்தார், பெயரையும் கொடுத்தார். பெண்கள் கூடைப்பந்து அவருக்குத் தந்த புகழ் அவருடைய திறமைக்கு ஈடானதாக ஒருபோதும் இருந்ததில்லை. இருந்த அந்தக் கொஞ்சத்தையும் சில்லறை விளம்பரங்களில் கரைக்காமல் ஒரே இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். அவருடைய வாழ்க்கையில் மிகவும் மதிக்க வேண்டியது இதுதான். ஆடாமல் இருந்ததாலேயே செய்தியாளர்கள் ஏன் ஆடவில்லை என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அயர்ன்ஸின் பெயர் பதிலாகக் கிடைத்தது.

2019 அக்டோபரில் ஜெபர்சன் சிட்டி நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது மூர் அங்கே உட்கார்ந்திருந்தார். 2020 ஜனவரியில் இரண்டாவது வருடமும் ஆடப்போவதில்லை, டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் வரப்போவதில்லை என்று சொன்னார். மார்ச் 9 அன்று நீதிபதி டேனியல் கிரீன் அயர்ன்ஸின் தண்டனையை ரத்து செய்தார். மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போனது, வெளியே கொரோனா பரவிக்கொண்டிருந்தது, அவர் உள்ளேயே இருந்தார். மேல் நீதிமன்றங்கள் மறுத்து, வழக்கை மறுபடி நடத்துவதில்லை என்று மாவட்ட அரசு வழக்கறிஞர் முடிவெடுத்த பிறகு, 2020 ஜூலை 1 அன்று சிறைக் கதவு திறந்தது. பதினாறு வயதில் பிடிபட்டவருக்கு அப்போது நாற்பது வயது. காத்திருந்த மூர் சாலையில் முழங்காலிட்டுக் குனிந்துவிட்டார்.

அந்தச் செப்டம்பரில் தொலைக்காட்சியில் தோன்றி, தாங்கள் இருவரும் திருமணம் செய்துகொண்டதாக அறிவித்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் பழகிய நட்பு எப்போதோ காதலாகியிருந்தது. 2022இல் ஒரு மகன் பிறந்தான். அடுத்த வருடம் இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் வந்தது. 2021இல் ஈஎஸ்பிஎன் ஓர் ஆவணப்படமும் எடுத்தது, துணிச்சலுக்கான ஆர்தர் ஆஷ் விருதும் கிடைத்தது. காதல் கதையாகவே இதைச் சொல்லிவிட ஊடகங்களுக்கு ஆசை. ஆனால் முக்கியமான பகுதி கைரேகைக் காகிதம்தான். காதல் சிறைக் கதவைத் திறக்கவில்லை, மறைக்கப்பட்ட ஒரு சான்று திறந்தது.

விளையாட்டை விட்டு உச்சத்தில் விலகியவர்கள் முன்பும் உண்டு. 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்த முகமது அலியிடமிருந்து பட்டத்தையும் உரிமத்தையும் பறித்தார்கள், மூன்றரை வருடம் அவரால் சண்டையிட முடியவில்லை. மைக்கேல் ஜோர்டான் 1993இல் விலகிப் பேஸ்பால் ஆடப் போய், 1995இல் திரும்பிவிட்டார். மூரை யாரும் தடுக்கவில்லை, அவர் திரும்பவும் இல்லை. அயர்ன்ஸ் வெளியே வந்ததும் மூர் மறுபடி ஆட வருவார் என்று ரசிகர்கள் நம்பினார்கள், வருடா வருடம் கேட்டார்கள். 2023 ஜனவரியில் முறைப்படி ஓய்வு அறிவித்தார். வயது முப்பத்துமூன்று. அவரைவிட மூத்த டௌராசி அப்போதும் ஆடிக்கொண்டிருந்தார்.

அவர் விலகிய காலத்தில்தான் லீக்கின் நிலை மாறத் தொடங்கியது என்பது வருத்தம் தரும் பொருத்தம். 2020இல் போட்ட புது ஒப்பந்தம் உச்சச் சம்பளத்தை 2,15,000 டாலருக்கு உயர்த்தியது. 2024இல் எல்லா அணிகளுக்கும் தனி விமானம் வந்தது. அதுவரை வீராங்கனைகள் சாதாரணப் பயணிகளோடு, ஆறடிக்கு மேல் உயரத்தை நெருக்கமான இருக்கையில் மடக்கி உட்கார்ந்து, ஊர் ஊராகப் போனார்கள். மூர் எட்டு வருடம் ஆடியது அந்தப் பழைய காலத்தில்.

அவருடைய பாதையில் மற்றவர்களும் நடந்தார்கள். கனெக்டிகட்டிலும் லிங்க்ஸிலும் உடன் ஆடிய ரெனே மாண்ட்கோமரி 2020 பருவத்தை ஆடாமல் சமூகப் பணிக்கு ஒதுக்கினார். அந்தக் கோடையில் அட்லாண்டா ட்ரீம் அணியின் பங்கு உரிமையாளராக இருந்த செனட்டர் கெல்லி லோஃப்ளர் கறுப்பின உரிமை இயக்கத்தை எதிர்த்துப் பேசியபோது, லீக்கின் வீராங்கனைகள் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரஃபேல் வார்னாக்குக்கு வாக்களிக்கச் சொல்லும் சட்டையோடு களத்துக்கு வந்தார்கள். 2021 ஜனவரியில் வார்னாக் ஜெயித்தார். அடுத்த மாதமே அணி கைமாறியது. புதிய உரிமையாளர்களில் ஒருவர் மாண்ட்கோமரி.

2024 மார்ச்சில் அயோவா பல்கலைக்கழகத்தில் கெய்ட்லின் கிளார்க் ஆடிய கடைசி வழக்கமான பருவ ஆட்டத்துக்கு மூர் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு மினியாபொலிஸுக்கு லிங்க்ஸ் ஆட்டம் பார்க்க வந்து, மூரைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதைக் கிளார்க் பலமுறை சொல்லியிருந்தார். அரங்குகளை நிரப்பி, பெண்கள் கூடைப்பந்தைத் தொலைக்காட்சியின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் கிளார்க். அதே வருடம் ஆகஸ்ட் 24 அன்று லிங்க்ஸ் 23ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்து அரங்கின் கூரையில் ஏற்றியது. அன்றைய எதிரணி கிளார்க்கின் இந்தியானா ஃபீவர். வேலன், அகஸ்டஸ், புருன்சன், சில்வியா ஃபௌல்ஸ் ஆகியோரின் சட்டைகள் ஏற்கனவே அங்கே தொங்கின. 2025இல் நைஸ்மித் புகழ் மண்டபத்தில் மூரும் ஃபௌல்ஸும் ஒன்றாக இடம்பெற்றார்கள்.

ஆடுகளத்துக்கு வெளியே அவருடைய வேலை நிற்கவில்லை. அவர் தொடங்கிய ‘வின் வித் ஜஸ்டிஸ்’ என்ற இயக்கம் அரசு வழக்கறிஞர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மாவட்ட அரசு வழக்கறிஞர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவி. யார் மேல் வழக்குப் போடுவது, எந்தக் குற்றச்சாட்டு, பதினாறு வயதுப் பையனைச் சிறுவனாக நடத்துவதா பெரியவனாக நடத்துவதா, கைரேகை அறிக்கையை எதிர்த்தரப்புக்குக் கொடுப்பதா என்பதெல்லாம் அந்த அலுவலகத்தின் கையில் பெருமளவு இருக்கிறது. ஆனாலும் ஜனாதிபதி தேர்தலுக்குக் கூடும் கூட்டத்தில் பலர் வாக்குச் சீட்டின் அடியில் இருக்கும் அந்தப் பெயர்களைப் படிப்பதே இல்லை. எத்தனை பேருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார் என்பதை ஒரு அரசு வழக்கறிஞரின் வெற்றிக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது, எப்படி வாங்கிக் கொடுத்தார் என்று கேளுங்கள் என்பது மூரின் வாதம்.